சரணாகதியும் சிகிச்சையும்

நம் நாட்டில் மனம் நொந்து நோய்ப்பட்ட ஒருவர் மருத்துவரின் அறைக்குள் வந்து உட்காருவதற்கு முன்பே கோயிலுக்கோ, தர்காவுக்கோ, மாதா கோயிலுக்கோ சென்று வந்திருப்பார் என்பதும், அங்கே நேர்ந்துகொண்டதைப் பற்றியும் அழுததைப் பற்றியும் மருத்துவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார் என்பதும், மருத்துவரும் அவர் மணிக்கட்டில் தெரியும் மந்திரித்த கயிற்றைக் கண்ட பின்னும் அதைக் குறித்து ஒன்றும் வினவமாட்டார் என்பதும் இத்துறையில் பழகியவர்கள் நன்கு அறிந்தவை. உறக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, காதில் குரல் கேட்கிறதா என்றெல்லாம் விசாரணை நடக்கும். யாரை நம்பி இத்தனை நாள் தாங்கினீர்கள் என்ற ஒன்று மட்டும் கேட்கப்படாமலே போய்விடும். இந்த மௌனம் நோயாளிக்கு நன்மை செய்யவில்லை என்பதும், விவேகமின்றி அதைக் கலைத்தாலோ அதைவிடப் பெரிய தீமை விளையும் என்பதும் என் அபிப்பிராயம். குடிநோயிலிருந்து மீள்கிறவர்களை முன்னிட்டே இவ்விஷயத்தை ஆராய விரும்புகிறேன். ஏனெனில் ஆத்மிகமும் மனோவைத்தியமும் நேருக்கு நேர் சந்தித்து, ஒன்றையொன்று பரீட்சித்துப் பார்த்த களம் அதுவே.

மனோவைத்தியம் பிறந்த நாளிலேயே அதற்கு மதத்தின்மேல் ஐயம் இருந்தது. சிக்மண்ட் ஃபிராய்ட் 1927இல் வெளியிட்ட நூலில் மத நம்பிக்கையை மனிதகுலத்தின் குழந்தைப் பருவத்து ஆசைகள் தோற்றுவித்த ஒரு மயக்கமாகவே கண்டார். ராமகிருஷ்ண பரமஹம்சரின் சரிதத்தைப் பின்னர் எழுதிய ரொமெய்ன் ரோலாந்து, கரை காணாத கடலில் தானும் கலந்துவிட்டதுபோன்ற ஓர் உணர்வே மதங்களுக்கெல்லாம் ஊற்று என்று அதே ஆண்டு அவருக்கு எழுதினார். அத்தகைய உணர்வைத் தம்முள் எங்கும் காணமுடியவில்லை என்று ஃபிராய்ட் 1930இல் ஒப்புக்கொண்டு, தன்னையும் தாயையும் வேறு பிரித்தறியாத சிசுப் பருவத்தின் எச்சம் அது என்று விளக்கம் தந்தார். கல்கத்தாவில் 1922இல் இந்திய மனோபகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸ் யோக சூத்திரங்களிலும் கீதையிலும் ஆழ்ந்தவர். ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு 1931இல் அவர் அனுப்பிய தந்தத்தாலான விஷ்ணு விக்கிரகம் வியன்னாவில் அந்த மேதையின் மேஜைமேல் மரியாதையோடு வைக்கப்பட்டது. கருத்துலகில் அந்த விக்கிரகத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

நமக்கு இவ்விவாதத்தைவிட அதிகப் பயன் தருவது ஒரு கடிதப் போக்குவரத்து. 1961 ஜனவரி 23ஆம் தேதி பில் வில்சன் என்னும் அமெரிக்கர், சுவிட்சர்லாந்தில் எண்பத்தைந்து வயது நிரம்பியிருந்த மனோவைத்தியர் கார்ல் யுங்குக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார். பல ஆண்டுகளுக்கு முன் ஹஸார்டு என்னும் செல்வந்தர், குடியை விடுவதற்கு எல்லா வழிகளையும் முயன்று தோற்று, யுங்கிடம் சிகிச்சை பெற்றுத் தேறி, மறுபடியும் குடியில் விழுந்து திரும்பி வந்தபோது, மருத்துவத்தாலும் மனோவைத்தியத்தாலும் இனி ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்றும், உள்ளத்தை அடியோடு திருப்பிவிடும் ஓர் ஆத்மிக அனுபவம் வாய்த்தாலொழிய விமோசனமில்லை என்றும் யுங் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த வார்த்தை ஒருவர் வாய் மற்றொருவர் செவியாகப் பரவி வில்சனை எட்டி, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று இன்று உலகெங்கும் அறியப்படும் குடிநோயாளிகளின் சங்கத்துக்கு வித்தாயிற்று என்பதே கடிதத்தின் சாரம். ஒரு வாரத்துக்குள் யுங்கிடமிருந்து பதில் வந்தது. அந்த மனிதருடைய குடிவேட்கை, பூரணத்துவத்தின்மேல் மனிதனுக்குள்ள ஆத்மிக தாகம் தாழ்ந்த நிலையில் வெளிப்பட்டதே என்று தாம் கருதியதாகவும், தம் கருத்துகள் எங்கும் திரித்துக் கொள்ளப்பட்ட அக்காலத்தில் அதை முழுதும் வெளியிட்டுச் சொல்லத் துணியவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் அவர் காலமானார். தம் கலையின் எல்லை எதுவென்று கண்டு, அதை நோயாளியின் முகத்துக்கு நேரே சொன்ன அந்த வைத்தியரின் நேர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன். எல்லாம் தம்மால் முடியும் என்று அவர் பொய்த் தைரியம் கூறியிருந்தால் இக்கதையே தொடங்கியிராது.

வில்சன் பங்குச் சந்தையில் பொருளீட்டி, குடியால் அதையெல்லாம் இழந்தவர். 1934 டிசம்பரில், தம் முப்பத்தொன்பதாம் வயதில், நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் கிடந்தபோது, தாங்கமுடியாத துயரத்தின் உச்சியில் கடவுள் ஒருவர் உண்டெனில் வெளிப்படட்டும் என்று அவர் கதற, அறை முழுதும் ஒளி நிறைந்ததுபோலவும் சொல்லொணாத அமைதி தம்மைச் சூழ்ந்ததுபோலவும் ஓர் அனுபவம் நேர்ந்தது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சிய அவருக்கு, அங்கிருந்த மருத்துவர் சில்க்வொர்த், இது பைத்தியமன்று, இது எதுவாயினும் இதைப் பற்றிக்கொள்ளும் என்று தேற்றினார். பரவசம் என்று ஏளனம் செய்து அதை மருந்தால் அடக்க முற்படவும் இல்லை. அற்புதம் என்று அதற்குச் சாட்சி கூறவும் இல்லை. அந்நாட்களில் வில்சன் கைக்குக் கிடைத்த நூல், வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் நிகழ்த்தி 1902இல் வெளியிட்ட சமய அனுபவங்களைப் பற்றிய சொற்பொழிவுகள்; நொறுங்கிப்போன மனிதர்கள் புதிதாக எழுந்ததைப் பற்றி ஒரு மனோதத்துவ அறிஞர் நிதானமாக ஆராய்ந்திருப்பதைக் கண்டு அவர் மனம் உறுதிபெற்றது.

எனினும் ஒளியைக் கண்டதோடு காரியம் நிறைவேறிவிடவில்லை. வீடு திரும்பிய வில்சன் அடுத்த சில மாதங்கள் குடிகாரர்களைத் தேடிப் பிடித்துத் தம் அனுபவத்தை உபதேசித்தார், ஒருவரும் திருந்தவில்லை. உபதேசத்தைக் குறைத்து, இது உடலையும் மனத்தையும் ஒருங்கே பற்றும் வியாதி என்பதை முதலில் எடுத்துச் சொல்லும்படி சில்க்வொர்த் அவருக்கு அறிவுரை கூறினார். 1935 மே மாதம் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், மேற்கொண்டு வந்த வியாபாரம் கைகூடாமல், விடுதியில் மதுக்கூடத்தின் ஆரவாரம் காதில் விழத் தனியே நின்றபோது, இன்னொரு குடிகாரரோடு பேசினாலன்றித் தாம் பிழைக்கமுடியாது என்று அவருக்குத் தோன்றிற்று. அவ்வாறு அவர் தேடிக் கண்டுபிடித்தவரே பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். அவரைக் கரையேற்றுவதற்காக அன்றித் தம்மைக் காத்துக்கொள்வதற்காகவே வில்சன் அவரிடம் சென்றார் என்பதில்தான் விசேஷம் இருக்கிறது. உயரத்திலிருந்து கை நீட்டியவர்கள் பலரை அதற்கு முன் கண்டு சலித்திருந்த அந்த மருத்துவர், தமக்குச் சமமாக எதிரே உட்கார்ந்து தம் தோல்வியைச் சொன்ன மனிதனுக்குச் செவிசாய்த்தார். ஜூன் 10ஆம் தேதி அவர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளையே சங்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

1939இல் அச்சேறிய அவர்களுடைய நூலில் உள்ள பன்னிரண்டு படிகளுள் முதலாவது, மதுவின் முன் தாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. அடுத்தவை, தம்மினும் மேலான ஒரு சக்தியை நம்பி, தம் வாழ்வை அதனிடம் ஒப்படைப்பது. நாத்திகர்களும் சந்தேகிகளும் அச்சிறு குழுவுக்குள்ளேயே இருந்து வாதாடியதன் பயனாக, கடவுள் என்ற இடத்தில் அவரவர் உணர்ந்தபடியான கடவுள் என்று திருத்தம் சேர்ந்தது. குருவில்லை, கட்டணமில்லை, பதவியில்லை, பெயரைக்கூட வெளியிட வேண்டியதில்லை.

இத்தகைய சரணாகதி எப்படி ஒரு மனிதனைக் குணப்படுத்த முடியும்? வைத்திய சாத்திரம் மனிதனுக்கு மனோபலத்தை அல்லவா வளர்க்கவேண்டும், பலமில்லை என்று அவனையே சொல்லவைப்பது முறையா என்று கேட்கிறவர்களுக்குக் கிரிகரி பேட்சன் என்னும் மானிடவியல் அறிஞர் 1971இல் எழுதிய கட்டுரையில் மறுக்கமுடியாத விடை இருக்கிறது. குடிப்பவன் பலவீனன் என்று உலகம் எண்ணுகிறது. அவனோ, நான் நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த வீம்பை நம் ஊர்த் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கேளாதவர் யார்? அவன் தன்னை இரண்டாகப் பிளந்து, நான் என்பதை ஒரு பக்கமும் புட்டியை எதிர்ப்பக்கமும் நிறுத்தி, அவ்விரண்டுக்கும் இடையே ஓயாத மல்யுத்தம் ஒன்றை நடத்துகிறான். மனைவியும் தாயும் நண்பரும், உனக்கு மனவுறுதி இல்லையா, நீ ஆண்பிள்ளையா என்று கேட்கும்போதெல்லாம் அந்த யுத்தத்துக்கே நெய் வார்க்கிறார்கள். பல வாரங்கள் குடியாமல் இருந்து வென்றுவிட்ட பிறகு, அந்த வெற்றியைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு குவளை எடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவதும் இதனால்தான். பகைவன் இல்லாத களத்தில் வீரனுக்கு வேலையில்லை. தோற்றேன் என்று அவன் மெய்யாகவே ஒப்புக்கொள்ளும் கணத்தில் அந்த யுத்தமே நின்றுபோகிறது. தான் தனித்து ஆளும் அரசன் என்ற பொய்யான நான் விழுந்து, மற்றவர்களோடும் தன்னிலும் பெரிய ஒன்றோடும் பிணைந்து வாழும் நான் எழுகிறது.

வைணவ சம்பிரதாயத்தைக் கற்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வேறு உபாயம் ஒன்றுமில்லை என்ற உணர்வு பழுத்தாலன்றிச் சரணாகதி பலிப்பதில்லை என்று ஆசாரியர்கள் வகுத்திருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல ஜீவனும் முயலவேண்டுமா, பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்வதுபோல வாளா இருந்தால் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக நடத்திய வாதத்தை, அந்தப் பன்னிரண்டு படிகள் தம்மை அறியாமலே ஒரு விதத்தில் தீர்த்துவைத்திருப்பதாக எனக்குத் தோன்றும். முதல் மூன்று படிகளில் தன் முயற்சியைக் கைவிட்டவன், நான்காவதிலிருந்து தன் குற்றங்களை ஒன்றுவிடாமல் எழுதி, மற்றொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, தான் தீங்கிழைத்தவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்கள் வாசலுக்கே சென்று ஈடு செய்யவேண்டியவனாகிறான். விட்டுக்கொடுத்த பின்னர்தான் கடினமான உழைப்புத் தொடங்குகிறது. அந்த உழைப்பில்தான், பொய் சொல்லிப் பொய் சொல்லிச் சிதறிப்போயிருந்த ஆளுமை மறுபடியும் ஒன்றுகூடுகிறது.

இவையெல்லாம் பக்தர்களின் கூற்று என்று தள்ளிவிடுவதற்கும் இன்று இடமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் ஒருங்கே நோக்கி, இப்படிகளின் வழியே முறையாக நடத்திச் செல்லப்பட்டவர்களுள் ஓராண்டு கழிந்தபின் முற்றிலும் குடியாதிருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர் என்றும், அறிதல் நடத்தைச் சிகிச்சை முதலிய பிற முறைகளைப் பெற்றவர்களுள் 35 பேர் என்றும் மதிப்பிட்டது. இது மகத்தான வேற்றுமை அன்று. இந்த வழியிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் சறுக்கிவிடுகிறார்கள். ஆயினும் மனோவைத்தியத்தின் தேர்ந்த முறைகளுக்குச் சற்றும் குறையாத ஒரு வழி, பணமில்லாமல், பள்ளிக்கூட அறைகளிலும் மாதா கோயில் கூடங்களிலும் நடந்துவருகிறது என்பது சாமானியச் செய்தியா? அதன் பயன் எதனால் விளைகிறது என்று ஆராய்ந்த ஜான் கெல்லி முதலியோர், பழைய குடித் தோழர்கள் விலகிப் புதிய நட்பு வட்டம் அமைவதே முதற்காரணம் என்றும், நோய் மிக முற்றியவர்களிடத்தில் ஆத்மிக உணர்வின் வளர்ச்சியும் காரணமாகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். தெய்வத்தையும் சத்சங்கத்தையும் நம் முன்னோர் பிரித்தே பார்த்ததில்லை ஆதலால், இம்முடிவு என் நம்பிக்கையைக் குலைக்கவில்லை.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இதில்தான் நம் தேசத்தில் தவறுகள் மலிந்திருக்கின்றன. அகங்காரத்தை விடு என்னும் உபதேசம், அகங்காரம் மிகுந்தவனுக்கே மருந்து. அது யாரிடத்தில் மிகுந்திருக்கிறது, யாரிடத்தில் நான் என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றும் எஞ்சவில்லை என்று பார்த்தறிவதே வைத்தியனின் கடமை. அமெரிக்காவில் தாமே குடியிலிருந்து மீண்ட ஜீன் கர்க்பாட்ரிக் என்னும் மாது 1970களில் பெண்களுக்கெனத் தனியே ஒரு சங்கத்தை நிறுவியபோது கூறிய காரணம் இதுவே: ஆணுக்கு வேண்டுவது பணிவாக இருக்கலாம், சக்தியற்றவள் என்று வாழ்நாள் முழுதும் கேட்டுவந்த பெண்ணுக்கு வேண்டுவது தன்மதிப்பு. நம் நாட்டில் குடிக்கும் பெண்கள் தம் நோயை வெளியே சொல்லவும் அஞ்சி ஒளிந்து மடிகிறார்கள். குடிப்பவனின் மனைவியோ, எல்லாம் உன் கர்மபலன், பொறுத்துக்கொள் என்று ஜோசியராலும் உறவினராலும் சில வேளைகளில் ஆலோசகராலும்கூட அறிவுறுத்தப்பட்டு, அடியை வாங்கிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்குக் கூறப்படும் அந்தச் சரணாகதிக்கு ஆத்மிகம் என்று பெயர் வைப்பது பாபம்.

மனச்சோர்வு நோயில் வாடுகிறவரும் அப்படியே. தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று இரவெல்லாம் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும் ஒருவரிடம் போய், தன்னை ஒழிக்கும்படி உபதேசிப்பது அவர் நோயோடு நாமும் சேர்ந்துகொள்வதாகும். எண்ணங்கள் தம்முடையவையா பிறர் புகுத்தியவையா என்றே தெரியாமல், தனக்கும் உலகுக்கும் இடையேயுள்ள வரம்பு இடிந்து, அசரீரிகளின் நடுவே தவிக்கும் மனச்சிதைவு நோயாளிக்கு, நான் யார் என்று விசாரிக்கச் சொல்லித் தனியறையில் தியானத்தில் இருத்துவது அதனினும் அபாயம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி காட்டிய அந்த விசார மார்க்கத்தின்மேல் எனக்குள்ள பக்தி யாருக்கும் குறைந்ததன்று. 1937ஆம் ஆண்டு இறுதியில் பாரத தேசத்துக்கு வந்த யுங், எளிதில் சென்றிருக்கக்கூடிய அவர் சந்நிதிக்குச் செல்லாமலே திரும்பியதும், பின்னர் தம் நண்பர் ஹைன்ரிஹ் ஸிம்மர் மகரிஷியைப் பற்றி எழுதிய நூலை 1944இல் தாமே பதிப்பித்து முன்னுரை வழங்கியதும் அறிஞர் அறிந்தவை. ஆத்மாவில் அகங்காரம் கரைவதை லட்சியமாகக் கொண்ட பாரத ஞானத்துக்கும், சிதறிய அகத்தைச் சேர்த்துக் கட்ட உழைத்த தம் தொழிலுக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் உணர்ந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன். கரைவதற்கு முதலில் ஓர் உருவம் இருக்கவேண்டும்; உருவம் குலைந்தவர்க்கு அதைத் திருப்பித் தருவதே முதற்சிகிச்சை.

ஆத்மிகம் ஒரு மனிதனுக்குப் புதிய சுயத்தை அளிக்கும் விந்தையை ஒவ்வொரு கார்த்திகையிலும் நம் தெருக்களில் காணலாம். ஆண்டெல்லாம் குடித்துத் தள்ளாடிய ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்ட அன்றே குடியை நிறுத்திவிடுகிறார். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளிக்கிறார், கறுப்போ காவியோ உடுக்கிறார், வெறுந்தரையில் படுக்கிறார், மாலையில் பஜனைக்குச் செல்கிறார். நேற்றுவரை அவரை ஏசிய மனைவியும், கண்டால் ஒதுங்கிய பிள்ளைகளும், கடன்காரரும்கூட அவரைச் சாமி என்று அழைக்கிறார்கள். அழைக்க அழைக்க அவரும் அதற்குத் தக்கவராகிறார். புதிய பெயர், புதிய உடை, வழிகாட்டும் குருசாமி, ஒரே விரதத்தில் கட்டுண்ட தோழர் குழாம், அன்றாட நியமம் ஆகிய இத்தனையையும் ஒருசேர அளிக்கவல்ல ஒரு சிகிச்சை நிலையத்தை நான் கண்டதில்லை. ஒரு மண்டலம் முடிந்து மலையேறித் திரும்பி மாலையைக் கழற்றியதும் அவரைப் போன்றோரில் பலர் பழையபடி கடை வாசலில் நிற்பதும் நாம் காண்பதே. அவருடைய பக்தியைப் பழிப்பது அநியாயம். சாமி என்ற அந்தச் சுயம் நாற்பத்தொரு நாளைக்கு மட்டும் அவருக்குக் கிடைத்தது. நாற்பத்திரண்டாம் நாள் அவர் யாராக இருக்கவேண்டும் என்று யாரும் அவரோடு உட்கார்ந்து பேசவில்லை. குருசாமிகளும் மனநல மருத்துவர்களும் அந்த நாளைப் பற்றிக் கலந்து யோசித்தார்களானால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்.

இதில் உயிராபத்து ஒன்றும் இருக்கிறது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கைகால் நடுங்கி, இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றி, நினைவு தடுமாறும் ஜன்னி கண்டு மரணமும் நேரலாம். அதைச் சாமி குற்றம் என்றும் பேய் பிடித்ததென்றும் எண்ணி வீட்டிலேயே வைத்துக்கொண்டு இழந்துவிடுகிறார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் உரிய மருந்தும், தயமின் என்னும் பி-1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய மரணங்கள் இவை. விரதம் தொடங்கும் முன் மருத்துவமனைக்குச் செல்வதால் விரதத்துக்குப் பங்கமில்லை.

நம்பிக்கை எவ்வாறு ஆக்கும், எவ்வாறு அழிக்கும் என்பதை நம் மாநிலத்தின் இரண்டு ஊர்களே காட்டிவிட்டன. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் நடத்திய விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடமுடியாமல் மாண்டார்கள். மகானின் சமாதி யாரையும் கட்டிவைக்கவில்லை. அதைச் சுற்றி எழுந்த வாணிபமும், கண்மூடியிருந்த அதிகாரமும், சுமையைக் கழற்றிவிட்டுச் சென்ற உறவும் கட்டிவைத்தன. அதற்கு மறுவருடம், பெங்களூர் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலைப் பற்றியது. கடுமையான மனநோயோடு அங்கே வந்து சராசரி ஆறு வாரம் தங்கிய 31 பேரைப் பரிசோதித்ததில், நோயின் உக்கிரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தது. மந்திரமோ, பரிகாரமோ, மருந்தோ அங்கே கிடையாது. கூடவே ஓர் உறவினர், கோயிலைப் பெருக்குவது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற எளிய வேலைகள், யாரும் இகழாத ஓர் இடம். சிறியதோர் ஆய்வுதான், மருந்து வேண்டாம் என்பதற்கு அதைச் சான்றாக்குவதும் தவறு. ஆனால் ஓரிடத்தில் நம்பிக்கை மனிதனுக்கு வேலையும் உறவும் மதிப்பும் தந்தது. மற்றோரிடத்தில் நம்பிக்கையின் பெயரால் அவனுக்கு விலங்கு பூட்டப்பட்டது. எந்த ஆத்மிகத்தையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்பதே என் துணிபு.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்திருக்கிறது. போதை மீட்பு மையம் என்று பலகை மாட்டிக்கொண்டு, அடித்தும் பட்டினி போட்டும் பிரார்த்தனை செய்யவைக்கும் இடங்களை இச்சட்டத்தின் துணையோடு மூடவேண்டும். வற்புறுத்திப் பெறும் சரணாகதி அடிமைத்தனமே. உலக மனநல மருத்துவச் சங்கம் 2016இல் வெளியிட்ட தன் நிலைப்பாட்டில், நோயாளியின் சமய ஆத்மிக வாழ்வைப் பற்றி நயமாகக் கேட்டறிவது நோய் வரலாற்றின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும் என்றும், மருத்துவர் தம் ஸ்தானத்தைப் பயன்படுத்தித் தம் மதத்தையோ மதமறுப்பையோ நோயாளியின்மேல் திணிக்கலாகாது என்றும் கூறியிருக்கிறது. நம் மருத்துவக் கல்லூரிகள் இதைப் பாடமாக வைத்தால் மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள். உமக்கு எதில் பலம் கிடைக்கிறது, அது உம்மை அச்சுறுத்துகிறதா தாங்குகிறதா என்று ஒரு மருத்துவர் கேட்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். தெய்வ நம்பிக்கையில்லாத நோயாளிக்கும் அக்கேள்வி பொருந்தும், அவர் தம் மகளையோ, இயக்கத்தையோ, இசையையோ சொல்லக்கூடும்.

மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார். 2003 முதல் மதுவைத் தானே சில்லறையாக விற்றுவரும் நம் மாநில அரசுக்கு அதனால் 2023-24இல் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கு ஒதுக்குவது எந்த அரசுக்கும் தர்மமே. அதற்குக் காலம் பிடிக்கலாம். அதுவரை காத்திராமல், செலவே இல்லாத ஒரு காரியத்தை உடனே செய்யலாம். குடியிலிருந்து மீண்டவர்கள் வெளியார் நன்கொடைகூட வாங்காமல் கூட்டம் நடத்தக் காத்திருக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும், மனநல மருத்துவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில், மாலை வேளையில் ஓர் அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.